மாடிப்படிக்கு அடியில் ஒரு குதிரை

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சற்று எட்டிப் பாருங்கள். பழைய பத்திரிகைக் கட்டு, கொலுப் பலகை, ஒரு கால் போன நாற்காலி இவற்றுக்கு நடுவே, கித்தான் போர்த்திக்கொண்டு ஓர் உருவம் சுவரோரமாய் நிற்கிறதா? கித்தானை விலக்கினால் தூசி படிந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் ஒன்று தெரிகிறதா? தெரிந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உங்கள் வீட்டில் இல்லையென்றால் பிறந்த வீட்டில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் எதிர் வீட்டில் அநேகமாய் இருக்கும்.

இந்த ஸ்கூட்டரைப் பற்றி மாதத்துக்கு ஒரு தடவையாவது வீட்டில் விவாதம் நடக்கும். "இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, காயலான் கடைக்குப் போட்டால் என்ன?" என்பீர்கள் நீங்கள். "அப்பா வாங்கின வண்டி. எஞ்சினை மட்டும் ஒரு தடவை பிரித்துச் சரிபண்ணிவிட்டால் போதும். குதிரை மாதிரி ஓடும்" என்று பதில் வரும். சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விவாதம் ஒத்திவைக்கப்படும். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை.

குதிரை மாதிரி என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சேத்தக் என்பதே மேவார் ராணா பிரதாப் சிங் ஏறிய குதிரையின் பெயர்தான். பஜாஜ் நிறுவனம் முதலில் இத்தாலி தேசத்துப் பியாஜியோ கம்பெனியின் லைசென்ஸில் வெஸ்பா ஸ்கூட்டர்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1971-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. மறு வருஷமே, 1972-ல், அதே குடும்பச் சாயலோடு சேத்தக் பிறந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்து, மாலை போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த வண்டி இது. பெண் பார்க்கும்போதே "பையனுக்கு ஸ்கூட்டர் புக் பண்ணியிருக்கிறது" என்று சொல்லிக்கொண்ட காலம் உங்கள் மாமியாருக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும். 1946-ல் முதல் வெஸ்பாவை வடிவமைத்தவர் கொராடினோ தஸ்கானியோ என்ற எஞ்சினீயர். ஆகாய விமானத் துறையிலிருந்து வந்தவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதும், எண்ணெய் தெறித்து உடுப்பெல்லாம் பாழாவதும் அவருக்கு அருவருப்பு. ஆகையால் கால் வைக்க முன்னால் இடம் விட்டார். எஞ்சினைப் பின் சக்கரத்தோடு இணைத்து ஒரு மூடிக்குள் ஒளித்துவைத்தார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நீங்கள் நிம்மதியாய்ப் பின்னால் உட்கார முடிந்தது அந்த மனுஷரின் வெறுப்பால்தான்.

சரி, அந்த எஞ்சினை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்க முடியுமா? முக்கால் பங்கு முடியும். மீதிக் கால் பங்குக்கு லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும். எது முக்கால், எது கால் என்று தெரியாமல் கை வைக்கிறவர்களால்தான் பாதி வண்டிகள் காயலான் கடைக்குப் போகின்றன. இதில் பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. அரைகுறையாய்ச் செப்பனிட்ட எஞ்சின், ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இறுகிக்கொள்ளும். மெக்கானிக்குகள் "பிஸ்டன் ஜாம் ஆயிடுச்சு" என்பார்கள். பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, கையில் குழந்தையையும் பிடித்துக்கொண்டிருப்பவர் நீங்கள். ஆகவே இந்த விஷயத்தில் உங்களுக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை நிரம்ப உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பேரல் என்கிற இரும்புக் குழாய். அதற்குள் மேலும் கீழும் போய்வரும் அலுமினியப் பிஸ்டன். காப்பி ஃபில்டரின் மேல் பாத்திரத்துக்குள் குடை போய் உட்காருவதுபோல் உட்கார்ந்திருக்கும். பழைய சேத்தக்கில் இந்தக் குழாயின் குறுக்களவு 57 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 57 மில்லிமீட்டரே. ஊருக்குள் சாதாரணமாய்ப் போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 50 தடவை பிஸ்டன் ஏறி இறங்குகிறது. ஒரு நிமிஷத்தில் அது உரசிக்கொண்டு போகும் தூரம் 342 மீட்டர்! மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தச் சின்னக் குழாய்க்குள்ளேயே பல கிலோமீட்டர் நடந்துவிடுகிறது பாவம். இத்தனைக்கும் அதற்குக் கிடைக்கிற எண்ணெய், நீங்கள் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற அந்தச் சொற்ப எண்ணெய்தான். நாலு-ஸ்டிரோக் வண்டிகளைப்போல் எஞ்சினுக்கென்று தனி எண்ணெய்க் கிணறு இதற்குக் கிடையாது.

பிஸ்டனைச் சுற்றி வளையல் மாதிரி ரிங்குகள் உண்டு. பேரலின் சுவரை ஒட்டி அழுத்திக்கொண்டு, வெடிக்கும் வாயு கீழே நழுவாமல் காப்பது இவற்றின் வேலை. ரிங் தேய்ந்தாலும், பேரல் தேய்ந்தாலும் வாயு நழுவும்; இழுப்பு குறையும். கிக் அடிக்கும்போது காலுக்கு எதிர்ப்பே தெரியாது. சூடான வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கும். எஞ்சினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுவதுபோல் "கட கட" என்று சப்தம் கேட்கும்.

ஆனால் எடுத்த எடுப்பில் பிஸ்டனைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். வயிற்றுவலி என்றதும் ஆபரேஷன் செய்கிற டாக்டர் உண்டா? பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். கார்பரேட்டர் ஜெட்டில் அடைப்பு இருக்கிறதா பாருங்கள். சைலன்சரைக் கழற்றிக் கரியைத் தட்டுங்கள். எண்ணெய் கலந்து எரிவதால் இந்த வண்டிகளின் சைலன்சருக்குள் கரி அடைத்துக்கொள்வது சகஜம். புகை போகவே வழியில்லாத அடுப்பு எரியுமா? சைலன்சரைச் சுத்தம் செய்ததுமே புதுசு மாதிரி ஓடிய வண்டிகள் எத்தனையோ.

புகையிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. வெள்ளை வெளேரென்று புகை கக்கிக்கொண்டு, கியர் பெட்டியில் எண்ணெய் அளவும் குறைந்துகொண்டே வந்தால், கிளச் பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். கியர் எண்ணெயையே எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கிறது. எதிர்ப்பக்கத்தில், மேக்னட்டோவுக்குப் பின்னால் உள்ள சீல் போனால் கதை வேறு. அங்கே எண்ணெய்க்குப் பதில் வெளிக் காற்றை உறிஞ்சும். காற்று அதிகமாகி, பெட்ரோலும் அதோடு கலந்த எண்ணெயும் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே "விர்" என்று தானாக இரையும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். பிஸ்டன் இறுகிக்கொள்வதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. கையகலம் கூட இல்லாத ரப்பர் வளையம்! புதுப் பிஸ்டன் போட்டுவிட்டுப் பழைய சீலையே விட்டுவைப்பது, புதுப் புடவை வாங்கிக் கிழிந்த பையில் போட்டுக்கொண்டு வருவதற்குச் சமானம்.

இட்லித் தட்டு எதற்கு?

பிஸ்டன்தான் போயிருக்கிறது என்று தீர்மானமாகிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை வேலை. இதற்குப் பயில்வான் தேவையில்லை. கழற்றியதைக் கழற்றிய வரிசையில் வைக்கிற பழக்கம் போதும். சொல்லப்போனால், பன்னிரண்டு டப்பாக்களில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களுக்கு இந்த வேலை ஆண்பிள்ளைகளைவிட நன்றாக வரும். அதனால் அவர் ஸ்பானரைப் பிடிக்கும்போது நீங்கள் விலகிப் போகாதீர்கள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருங்கள்.

பரணிலிருந்து ஒரு பழைய இட்லித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழிக்கு ஒரு பாகம்: கார்பரேட்டர் திருகுகள் ஒரு குழி, காற்றாடி மூடியின் திருகுகள் ஒரு குழி, ஹெட் நட்டுகள் ஒரு குழி. மிஞ்சிப்போன நட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது எங்கேயிருந்து வந்தது?" என்று முழிக்கிற நிலைமை வராது. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது எல்லாம் மனசில் நிற்பதுபோல்தான் தோன்றும். மூட்டும்போதுதான் எந்தக் கம்பி எங்கே போகவேண்டும் என்று சந்தேகம் பிறக்கும்.

வேலையை வாசல் திண்ணையிலோ, மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைப் பக்கமே வேண்டாம். பெட்ரோல் டேங்கைக் காலி செய்து, தூரமாய் எடுத்து வைத்துவிடுங்கள். பாகங்களைப் பெட்ரோலில் கழுவுகிற வழக்கத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் அல்லது டீசல், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ், இவை போதும். கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் ஒரு டின்னில் சேர்த்து, ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

பேரலை மட்டும் எடுக்கிற வேலைக்கு எஞ்சினை முழுதும் இறக்க வேண்டியதில்லை. வலப்பக்கத்து மூடி, அதற்குள் காற்றை வழிப்படுத்தும் தகர உறை, பிளக், சைலன்சர் என்று ஒவ்வொன்றாய்க் கழன்று வரும். பிறகு ஹெட்டின் நாலு நட்டுகள். இவற்றை ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு மற்றதற்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலையாய், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்த்தவேண்டும். மூட்டும்போதும் அதே முறைதான். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஹெட் கோணலாகி, வாயு கசியும்.

பேரலை உருவியதும் செய்யவேண்டிய முதல் காரியம், கீழே தெரிகிற எஞ்சின் வாயைச் சுத்தமான துணியால் அடைப்பது. பிஸ்டனைத் தாங்கும் முளையின் இரு பக்கத்திலும் மூக்குத்தித் திருகைப்போல் சின்னக் கம்பி வளையம் ஒன்று இருக்கிறது. சர்க்கிளிப் என்று பெயர். கழற்றும்போது துள்ளிக் குதிக்கும். துணி இல்லாவிட்டால் நேரே எஞ்சின் வயிற்றுக்குள் போய் விழும். அப்புறம் முழு எஞ்சினையும் பிரித்தாகவேண்டும். பழைய சர்க்கிளிப்பை மறுபடி போடவும் கூடாது. அற்ப விலைக்குப் புதிது கிடைக்கிறது. பழையது ஓட்டத்தில் கழன்றுகொண்டால் பேரலைக் கிழித்துவிடும்.

அளவு ரவிக்கையும் லேத் பட்டறையும்

இனி அந்தக் கால் பங்கு வேலை. பேரலின் உட்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேல் பக்கத்தில் ஒரு விளிம்பு தட்டுப்படும்; அந்த இடம்வரைதான் ரிங் ஏறி ஏறித் தேய்த்திருக்கிறது. தேய்ந்த குழாய் வட்டமாகவும் இராது. கோழிமுட்டைபோல் ஒரு பக்கம் நீண்டிருக்கும். அதில் புது ரிங் போட்டுப் பிரயோஜனமில்லை. பேரலைக் கொஞ்சம் பெரிதாய்க் கடைந்து, அதற்கேற்ற பெரிய அளவுப் பிஸ்டன் போடவேண்டும். இதற்குத்தான் "போர் அடிப்பது" என்று பெயர். யுத்தமும் அல்ல, களத்துமேட்டு வைக்கோலும் அல்ல, கல்யாண வீட்டில் தூரத்து உறவினர் வந்து உட்கார்ந்து செய்கிற காரியமும் அல்ல.

இங்கே ஒரு விதி. முதலில் பிஸ்டனை வாங்கவேண்டும். பிறகுதான் பேரலைக் கடையவேண்டும். அநேகர் தலைகீழாய்ச் செய்கிறார்கள். தையல்காரரிடம் போகும்போது அளவு ரவிக்கையைக் கையில் கொண்டுபோகிறீர்கள் அல்லவா? அந்த மாதிரி, வாங்கிய பிஸ்டனைப் பேரலோடு சேர்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டியில் ஒரே அளவு அச்சிட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூலிழை வித்தியாசம் இருக்கும். கையில் உள்ள பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு இவ்வளவு இடைவெளி என்று கணக்குப் பண்ணிக் கடைகிறவர்தான் நல்ல தொழிலாளி. "பெட்டியில் எழுதியிருக்கிறதே, அளப்பானேன்?" என்கிற பட்டறையை விட்டு மரியாதையாய் வெளியே வந்துவிடுங்கள்.

அந்த இடைவெளி எவ்வளவு? மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு அக்கம்பக்கம். எஞ்சினைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஏன் இடைவெளி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் என்ன செய்கிறீர்கள்? உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைக்கிறீர்கள். வெளியே உள்ளது விரிய, உள்ளே உள்ளது சுருங்கக் கழன்றுகொள்கிறது. எஞ்சினில் இதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் பிஸ்டன் அலுமினியம். வெளியே இருக்கும் பேரல் வார்ப்பு இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். போதாக்குறைக்குப் பிஸ்டன்தான் நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடம் விடாமல் கடைந்திருந்தால் விரிந்த பிஸ்டன் பேரலைக் கவ்விக்கொள்ளும். முன்னே சொன்ன ஆபத்து அதுதான். இடம் அதிகமாய் விட்டாலோ, புது எஞ்சினே கிழ எஞ்சின் மாதிரி கடகடக்கும்.

கடைந்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. பேரலின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாய் மெல்லிய கீறல்கள் போடவேண்டும். பளபளவென்று கண்ணாடிபோல் இருந்தால்தானே நல்லது என்று நினைப்பீர்கள். அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். வழவழவென்று தேய்ந்த அம்மியில் மிளகாய் அரைபடுமா? "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் குரல் கேட்டதும் கூப்பிட்டுக் கொத்தச் சொன்னது எதற்காக? பேரலுக்குப் போடும் ஹோனிங் கொத்தும் கிட்டத்தட்ட அதுதான். அந்தக் கீறல்களில் எண்ணெய் தங்கும். புது ரிங் சீக்கிரம் சுவரோடு பொருந்தும். பேரலின் பக்கச் சுவரில் வாயு போகவும் வரவும் ஜன்னல்கள் உண்டு. கடைந்த பிறகு இவற்றின் ஓரங்கள் கத்திபோல் கூராகிவிடும். அந்தக் கூரை மழுக்கிக் கொடுத்திருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். மழுக்காவிட்டால் ரிங் மாட்டி உடையும். அம்மி கொத்தியபின் கல் துகள் போகக் கழுவுகிறோமே, அதே கவனத்தோடு பேரலையும் சோப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணியால் துடைத்துக் கழுவவேண்டும். துணி கறுக்காமல் வருகிறவரை கழுவவேண்டும். பிறகு ஈரம் போகத் துடைத்து உடனே எண்ணெய் தடவவேண்டும். இல்லாவிட்டால் கண் முன்னாலேயே துருப்பிடிக்கும்.

மூட்டும்போது பிஸ்டன் தலையில் பொறித்துள்ள அம்புக்குறி, புகை வெளியேறும் ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் கடுகைவிடச் சிறிய முளை ஒன்று இருக்கும். ரிங்கின் இரண்டு முனைகளும் அந்த முளையில் வந்து சேரவேண்டும். ரிங் சுற்றிப்போய் ஜன்னலில் மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பேரலை நுழைக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள். கண்ணாடி வளையல் போட்டுவிடுகிறவர் கையைப் பிடித்து விடுவதுபோல், ரிங்கை விரலால் அமுக்கி அமுக்கி நழுவவிட்டால் போதும்.

கிராங்க் வரை பழுது போயிருந்தால் முழு எஞ்சினையும் இறக்கவேண்டும். இது சிரமமில்லை; முன்னால் ஒரு நீளப் போல்ட், பின்னால் ஷாக் அப்சார்பர் போல்ட், சில கேபிள்கள், ஒயர்கள், பெட்ரோல் குழாய் இவற்றைக் கழற்றினால் சக்கரத்தோடு கையோடு வந்துவிடும். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் பாதகமில்லை. மேலும் கீழும் ஆடினால் பேரிங் போச்சு. கிராங்கைப் பிரித்துப் புது ராட் போட்டு நேர் பார்ப்பது பட்டறையில் அழுத்தும் யந்திரத்தில் செய்யவேண்டிய வேலை. சுத்தியலால் அடிக்கிறேன் என்று வீட்டில் யாராவது கிளம்பினால் சுத்தியலை ஒளித்து வைத்துவிடுங்கள்.

ஆனால் புதுப் பேரிங்குகளை உட்கார்த்துவது வீட்டிலேயே நடக்கும். அதற்கும் டம்ளர் வைத்தியமே. பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ராத்திரி முழுவதும் ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்தால் சுருங்கும். அலுமினிய எஞ்சின் கூட்டைச் சீராகச் சூடுபண்ணினால் விரியும். அடி உதையின்றி "டப்" என்று போய் உட்காரும். ஐஸ் கிரீமுக்குப் பக்கத்தில் பேரிங் உட்கார்ந்திருப்பதைக் கண்டு காலையில் திடுக்கிடாதீர்கள்.

உதிரி பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் பெயர் போனவை. விலையை இங்கே எழுதினால் பத்திரிகை அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். பிஸ்டன், ரிங், சீல், பேரிங் இந்த நாலிலும் மலிவைப் பார்க்காதீர்கள். இன்னும் ஒன்று: எஞ்சின் நம்பர் அந்த அலுமினியக் கூட்டில்தான் பொறித்திருக்கிறது. கூடு உடைந்துவிட்டதென்று வேறு வண்டியின் கூட்டைப் பத்திரமில்லாமல் வாங்கி மாட்டினால், ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றாகும். திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

குதிரைக்கு இறக்கை வேண்டுமா?

எஞ்சினைப் பிரித்த கையோடு வீட்டு வாலிபர்களுக்கு ஓர் ஆசை பிறக்கும். "இவ்வளவு செலவு செய்கிறோம், எஞ்சினையே பெரிசு பண்ணிவிட்டால் என்ன?" என்பார்கள். ஐரோப்பாவில் இதே வெஸ்பா எஞ்சின்களுக்கு 63 மில்லிமீட்டர் பேரல் விற்கிறார்கள். அதை மாட்டினால் 145 சி.சி. எஞ்சின் 177 சி.சி. ஆகிவிடும். கேட்கக் கவர்ச்சியாய்த்தான் இருக்கிறது. ஆனால் பிரேக் பழைய டிரம் பிரேக்தான். சக்கரம் அதே பத்து அங்குலச் சக்கரம்தான். ஓடுகிற வேகத்தைக் கூட்டிவிட்டு நிற்கிற சக்தியைக் கூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டுமா? சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் குறிப்பிட்டதற்கு மாறாக அதன் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்திருக்கிறது. ஆசையை அங்கேயே நிறுத்துங்கள்.

செய்யத்தக்க அபிவிருத்திகள் வேறு இருக்கின்றன. முக்கியமானது பெட்ரோல் சம்பந்தப்பட்டது. 2025 முதல் நம் நாட்டில் பெட்ரோலோடு 20 சதவிகிதம் எத்தனால் கலந்து விற்கிறார்கள். பழைய காலத்து ரப்பர்க் குழாய்களும் கார்பரேட்டர் வாஷர்களும் இதற்கென்று பிறந்தவை அல்ல. ஊறி உப்பிப் போகலாம். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக இந்தச் சமயத்தில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. ஆகையால் மாதக் கணக்கில் டேங்கில் பெட்ரோலை வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திவைக்காதீர்கள். அடுத்தது, பழைய பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதிலாக சி.டி.ஐ. என்கிற எலெக்ட்ரானிக் முறை. தேயும் பாயிண்ட் இல்லாததால் மழைநாள் காலையில் இருபது கிக் அடிக்கிற உபத்திரவம் பெரும்பாலும் தீரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். எவ்வளவு செப்பனிட்டாலும் இது இரண்டு-ஸ்டிரோக் எஞ்சின். எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி புகையோடு வெளியே நழுவிவிடுவது இதன் பிறவிக் குணம். புகை குறையும், அடியோடு போகாது. தினமும் நாற்பது கிலோமீட்டர் ஆபீசுக்குப் போக வேண்டியவருக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பஜாஜ் நிறுவனமே 2009-ல் ஸ்கூட்டர் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பிறகு 2019-ல் சேத்தக் என்ற பெயரைப் பேட்டரியில் ஓடும் வண்டிக்குச் சூட்டியது. அதில் பிஸ்டனும் இல்லை, புகையும் இல்லை. கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வர, வாரத்தில் இரண்டு நாள் வெளியே எடுக்க, வீட்டில் பழைய வண்டி ஒன்று இருக்கட்டும் என்றால், செப்பனிடுவதில் அர்த்தமிருக்கிறது.

பதிவு விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பதிவு 15 வருஷத்துக்கு. அதன்பின் ஐந்து ஐந்து வருஷமாய்ப் புதுப்பிக்கவேண்டும். மாடிப்படிக்கு அடியில் தூங்கிய வண்டிக்கு அது காலாவதியாகித்தான் இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் இவற்றை முடிக்காமல் தெருவில் இறக்கக் கூடாது. இந்தக் காகிதங்களைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா என்று பிஸ்டன் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுவது உத்தமம்.

எல்லாம் முடிந்து எஞ்சின் கிளம்பிவிட்டதா? கொண்டாட்டத்தில் குடும்பத்தோடு மகாபலிபுரம் புறப்பட்டுவிடாதீர்கள். முன்காலத்தில் புதுக் கார்களின் பின்னால் "ரன்னிங் இன்" என்று பலகை மாட்டியிருப்பார்களே, அந்த விரதம் இதற்கும் உண்டு. முதல் நாள் பத்து நிமிஷம் ஓட்டி நன்றாய் ஆறவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகுவது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுவது, ஒரே வேகத்தில் வெகு தூரம் ஓட்டுவது எல்லாம் விலக்கு. எண்ணெய்க் கலவை வண்டியின் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். லிட்டருக்கு 20 மில்லி என்பது பொதுவான கணக்கு. "எஞ்சின் புதுசாச்சே" என்று குறைப்பதும், கண்ணளவாய் ஊற்றுவதும் கூடாது. மருந்துக் கடையில் கொடுக்கும் அளவுக் குப்பி ஒன்றை வண்டிப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். ஓட்டுகிறவருடைய இடது கை, இந்த நாட்களில் கிளச்சை விட்டு அகலாமல் இருக்கட்டும். எஞ்சின் கொஞ்சம் திணறுவதுபோல் தோன்றினாலும் உடனே கிளச்சைப் பிடித்தால் சக்கரம் விடுபட்டு வண்டி ஓரமாய் வந்து நிற்கும். அந்த 500 கிலோமீட்டர் முடிகிறவரை பின் சீட்டில் உட்காருவதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டாம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கியர் எண்ணெயை மாற்றி, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஹெட் நட்டுகளை மூலைக்கு மூலை ஒருமுறை சரிபாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருக்கவேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து ஈரமாய் இருந்தால் அதிகம். இட்லித் தட்டை மட்டும் திரும்பச் சமையலறைக்குள் விடாதீர்கள். அடுத்த தடவைக்கு அது வண்டிக்கே இருக்கட்டும்.